சீட்டில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை: ஒரே பெயரில் இரண்டு மாறிகள் செய்த வேலை

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் உள்ள ஒரு பால் சொசைட்டியில், பால் ஊற்றியதும் கையில் கொடுக்கும் சீட்டில் ஒரு விலையும், பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடாவின்போது வரும் பில்லில் வேறொரு விலையும் இருந்தன. எல்லோருக்கும் அப்படி இல்லை. ஒரே ஆளுக்குக்கூட எல்லா நாளும் அப்படி இல்லை. வித்தியாசம் லிட்டருக்கு ஒன்றரை ரூபாய். கணக்கு மென்பொருளில் ஒரு மாறி (ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்), அதே பெயர் கொண்ட இன்னொரு மாறியை மறைத்ததுதான் காரணம். நிரல் எழுதுகிறவர்கள் ஷேடோயிங் என்று சொல்வது இதைத்தான். இது எப்படி உள்ளே வந்தது, ஏன் யார் கண்ணிலும் படவில்லை, மொழிகளை வடிவமைத்தவர்கள் இதைப் பற்றி என்னென்ன முடிவு எடுத்திருக்கிறார்கள் என்பதை முழுக்க எழுதி வைப்பது நல்லது என்று நினைக்கிறேன். சிறு சொசைட்டிகள், சிறு கடைகள், பஞ்சாயத்து நூலகங்கள் எல்லாம் இப்போது இந்த மாதிரி நிரல்களை நம்பித்தான் ஓடுகின்றன.

இடமும் ஏற்பாடும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகா, கேரளத்துக்குள் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கும் பகுதி. இந்தப் பக்கம் தென்னைக்கு அடுத்தபடி குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவது மாடுதான். சாலையில் கொஞ்சம் கிழக்கே போனால் தமிழ்நாடு வந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கத் தனியார் பால் வண்டிகளும் எட்டும் தூரம்தான். ஆகையால் சொசைட்டியின் கணக்கில் சந்தேகம் வந்தால் உறுப்பினர்கள் சண்டை போட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள். கேனை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். செக்ரட்டரிக்கு இந்த விஷயம் தூக்கத்தைக் கெடுத்ததற்கு அதுதான் காரணம்.

விலை போடும் முறை எல்லா இடத்திலும் உள்ளதுதான். பால் அனலைசரில் மாதிரியை வைத்தால் ஃபேட்டும் எஸ்.என்.எஃப்.-ம் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) வரும். இரண்டையும் சார்ட்டில் பார்த்தால் லிட்டருக்கு அடிப்படை விலை கிடைக்கும். பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு ஃபேட் 3.2 சதவீதம், எஸ்.என்.எஃப். 8.3 சதவீதம். அதைவிட நல்ல பாலுக்கு இந்தச் சொசைட்டி தன் கையிலிருந்து ஊக்கத்தொகை சேர்த்துக் கொடுக்கிறது. அனலைசர், தராசு, தெர்மல் பிரிண்டர் மூன்றும் ஒரு சின்னக் கணினியோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. நிரல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதியது, அதை ஓட்டும் நோட் என்ற மென்பொருள் மேல் ஓடுகிறது. சீட்டு தமிழிலும் மலையாளத்திலும் வரும்.

புகார்

இரண்டு கலப்பினப் பசு வைத்திருக்கும் ஓர் அம்மா, சீட்டுகளை எல்லாம் கம்பியில் குத்தி வைக்கிற பழக்கம் உள்ளவர். அவர்தான் பில்லோடு சீட்டுகளை வைத்துக் கூட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க செக்ரட்டரி, சீட்டுல ஒரு ரேட்டு, பில்லுல ஒரு ரேட்டு போட்டிருக்கீங்களே?”

“அக்கா, ரெண்டும் ஒரே மெசின்லதானுங்க வருது. நான் கையில எதுவும் எழுதறதில்லீங்க.”

“அப்ப மெசினு பொய் சொல்லுதுங்களா?”

செக்ரட்டரியிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அவர் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. நகல் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த நகல்கள்தான் ஆதாரம். தெர்மல் தாளில் அடித்த எழுத்து வெயிலில் மங்கிப்போகும். நகல் இல்லாவிட்டால் பல சீட்டுகள் வெறும் தாளாகத்தான் மிஞ்சியிருக்கும். பயனர் கொண்டுவரும் காகிதத்துக்கு நிரலாளர்கள் கொடுக்கிற மரியாதை போதாது என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம் உண்டு. இந்த நிகழ்வில் எந்த லாக் ஃபைலும் சொல்லாததை அந்தக் கம்பியில் குத்தியிருந்த சீட்டுகள் சொல்லின.

சந்தேகப்பட்டவை

என்னிடம் வந்தபோது நான்கு சந்தேகங்கள் பேச்சில் இருந்தன. அனலைசர் கெட்டுவிட்டதா என்பது முதலாவது. சீட்டிலும், பில்லுக்கு ஆதாரமான பேரேட்டிலும் ஃபேட், எஸ்.என்.எஃப். எண்கள் ஒன்றாகவே இருந்ததால் அது உடனே அடிபட்டுப் போனது. பழைய விலைச் சார்ட் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது இரண்டாவது. அடிப்படை விலைகள் எல்லாம் இன்றைய சார்ட்டோடு பொருந்தின. யாராவது பேரேட்டில் கைவைத்தார்களா என்று ஊருக்குள் முணுமுணுப்பு இருந்தது. டேட்டாபேஸில் திருத்தப்பட்ட வரி ஒன்றுகூட இல்லை, எல்லாம் முதல் முறை எழுதியபடியே இருந்தன.

நான்காவது, தசமக் கணக்குப் பிசகு. ஜாவாஸ்கிரிப்ட்டில் எண்கள் 64 பிட் மிதவைப் புள்ளியாகத்தான் இருக்கும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும் என்பது பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தப் பிசகு பைசாவுக்கும் கீழே எங்கோ நிற்கும். இங்கே வித்தியாசம் ஒவ்வொரு முறையும் சரியாக ஊக்கத்தொகை அளவுக்கே இருந்தது, ஒரு பைசா கூடவுமில்லை, குறையவுமில்லை. ஊக்கத்தொகைக்குத் தகுதி இல்லாத பாலில் வித்தியாசமே இல்லை. ஆக, ஊக்கத்தொகை கணக்கிடப்படுகிறது, சீட்டுக்குப் போகிறது, பேரேட்டுக்குப் போகவில்லை. அங்கேயே தேடலின் பாதி முடிந்துவிட்டது.

எந்தத் தேதியிலிருந்து என்று பார்த்ததில், நிரலின் ஒரு புதிய பதிப்பு போடப்பட்ட நாளிலிருந்து. அந்தப் பதிப்பில் விலைக் கணக்கைத் தொடவே இல்லை என்று அதைப் பராமரிப்பவர் சொன்னார். உண்மைதான். விலைக் கணக்கின் சூத்திரத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது, மாறிகளை அறிவிக்கும் ‘வார்’ என்ற சாவிச்சொல் மட்டும். ஃபைல் முழுக்க அது இருந்த இடத்தில் எல்லாம் ‘லெட்’ வந்திருந்தது.

ஏன் மாற்றினார்கள்

மாற்றியதற்கு நியாயமான காரணம் இருந்தது. காலையில் வரிசை நீளும்போது பிரிண்டர் பின்தங்கும். சீட்டுகள் வரிசையில் காத்திருந்து ஒவ்வொன்றாக அச்சாகும். அப்படிக் காத்திருந்த சீட்டுகளில் எல்லாம் கடைசியாக வந்தவரின் பெயரே விழுந்தது. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு இது பழைய வியாதி. ‘வார்’ என்று அறிவித்த மாறி, அது இருக்கும் ஃபங்ஷன் (ஒரு வேலைக்கென்று பிரித்து எழுதிய நிரல் துண்டு) முழுவதற்கும் ஒன்றுதான். திரும்பத் திரும்ப ஓடும் ஃபார் சுற்றில் ஒவ்வொருவராக எடுக்கும் மாறியை ‘வார்’ கொண்டு அறிவித்தால், சுற்று எத்தனை முறை ஓடினாலும் அது ஒரே ஒரு மாறிதான். அச்சடிக்கிற வேலை பின்னால் நடக்கும்போது, காத்திருந்த ஃபங்ஷன்கள் எல்லாம் அந்த ஒரே மாறியைத்தான் பார்க்கின்றன. அதற்குள் அது கடைசிக்கு வந்து நின்றிருக்கும்.

2015-இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட்டின் இ.எஸ். 6 பதிப்பு ‘லெட்’, ‘கான்ஸ்ட்’ (கொடுத்த மதிப்பை மறுபடி மாற்ற முடியாதது) இரண்டையும் மொழிக்குள் கொண்டுவந்தது. இவை பிளாக் அளவில் வாழ்பவை, அதாவது நெளிவு அடைப்புக்குள் பிறந்து அங்கேயே முடிபவை. ஃபார் சுற்றில் ‘லெட்’ போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் புது மாறி கிடைக்கும். கோ என்ற இன்னொரு நிரல்மொழியும் இதே முடிவுக்கு வர 2024 பிப்ரவரியில் வெளியான 1.22 பதிப்பு வரை ஆயிற்று. ஆக, சீட்டில் பெயர் மாறும் கோளாறுக்கு ‘லெட்’ சரியான மருந்துதான். மருந்தை ஒரு சுற்றுக்குக் கொடுக்காமல் ஃபைல் முழுவதற்கும் கொடுத்ததில்தான் அடுத்த கோளாறு வந்தது.

தேடி மாற்றிய உடனே நிரல் ஓட மறுத்தது. ஒரே பிளாக்கில் ஒரே பெயரை இரண்டு முறை ‘லெட்’ என்று அறிவித்தால் அது இலக்கணப் பிழை. ‘வார்’ அதைப் பொறுத்துக்கொள்ளும், ‘லெட்’ பொறுக்காது. பராமரிப்பவர் ஒவ்வொரு இடமாகப் போய் இரண்டாவது அறிவிப்பை எடுத்துவிட்டார். கடைசியில் நிரல் ஓடியது. மொழியே எல்லாத் தவறையும் சுட்டிக்காட்டிவிட்டது என்ற நம்பிக்கை அந்த இடத்தில் வருவது இயல்பு. ஆனால் ஒரே பிளாக்கில் இருந்த இரட்டைகளை மட்டும்தான் அது சுட்டிக்காட்டியது. உள் பிளாக்கில் இருந்த இரட்டைகள் அதன் கணக்கில் தவறே இல்லை.

கோளாறு இருந்த இடம்

சாவிச்சொற்களையும் தமிழாக்கி, தேவையில்லாததை நீக்கிவிட்டு எழுதுகிறேன். பழைய பதிப்பு:

```
சீட்டு.விலை = அடிப்படை;
வார் விலை = அடிப்படை;

இஃப் (ஊக்கத்தகுதி) {
    வார் விலை = அடிப்படை + ஊக்கம்;
    சீட்டு.விலை = விலை;
}

பேரேடு.சேர்(உறுப்பினர், லிட்டர், விலை);
```

உள்ளே இருக்கும் இரண்டாவது ‘வார்’ ஓர் அலங்காரம்தான். ‘வார்’ பிளாக்கை மதிப்பதில்லை. ஃபங்ஷனுக்குள் ‘விலை’ என்ற மாறி ஏற்கெனவே இருப்பதால் அந்த வரி வெறும் மதிப்பளிப்பாக நடக்கும். பேரேட்டுக்கு ஊக்கத்தொகை சேர்ந்த விலை போகும். எழுதியவருக்கு இரண்டாவது ‘வார்’ வேண்டியதில்லை என்று தெரியாமல் இருந்திருக்கலாம், ஆனால் நிரல் சரியாகவே ஓடியது.

இப்போது ‘வார்’ இருக்கும் இரண்டு இடத்திலும் ‘லெட்’ போடுங்கள். உள்ளே இருப்பது இப்போது உண்மையிலேயே புது மாறி. அடைப்புக்குள் ‘விலை’ என்றால் அந்தப் புதியது; வெளியே இருப்பது மறைந்து நிற்கிறது. சீட்டுக்கு உள் மாறியின் மதிப்பு போகிறது. அடைப்பு முடிந்ததும் உள் மாறியின் வாழ்வும் முடிந்தது. அதன் பிறகு பேரேட்டுக்குப் போகும் ‘விலை’ வெளியே இருந்த பழையது, யாரும் தொடாத அடிப்படை விலை.

ஊருக்குள் இரண்டு பழனிச்சாமி இருந்தால், ஒரு தெருவுக்குள் நின்று பழனிச்சாமி என்றால் அந்தத் தெருக்காரர். ஊர் முனையில் நின்று சொன்னால் வேறொருவர். இடத்தைப் பொறுத்துப் பெயர் யாரைக் குறிக்கும் என்பது மாறுகிறது. ஸ்கோப் என்பது அவ்வளவுதான்.

அடிப்படை விலை 42 ரூபாய், ஊக்கம் ஒன்றரை ரூபாய், ஒரு நாளைக்கு 14 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 21 ரூபாய், பத்து நாளுக்கு 210 ரூபாய் குறையும். ஒரு வீட்டுக்கு அது மாட்டுக்குத் தவிடு வாங்கும் காசு.

எல்லாக் காவலையும் எப்படித் தாண்டியது

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். உள் வரியை எழுதியவர் கொஞ்சம் வேறு மாதிரி, ‘விலை = விலை + ஊக்கம்’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘வார்’ காலத்தில் இரண்டும் ஒன்றுதான். ‘லெட்’ வந்த பிறகு, சமக்குறிக்கு வலப்பக்கம் உள்ள ‘விலை’யும் உள் மாறியைத்தான் குறிக்கும், அதற்கோ இன்னும் மதிப்பு வரவில்லை. அறிவிப்பு முடியும் முன் மாறியைத் தொட்டால் நிரல் அங்கேயே பிழை சொல்லி நின்றுவிடும். இதைக் காலம் சார்ந்த செத்த மண்டலம் என்ற பொருளில் ஒரு பயங்கரப் பெயர் வைத்து அழைக்கிறார்கள். ஊக்கத்துக்குத் தகுதியான முதல் கேன் வந்ததுமே சீட்டு வராது, வரிசை நின்றுபோகும், ஃபோன் அடிப்பார்கள், அன்றைக்கே சரியாகியிருக்கும். ‘அடிப்படை + ஊக்கம்’ என்று, பார்க்கப்போனால் இன்னும் தெளிவாக எழுதியதால் அந்தச் சத்தம் எழவில்லை.

அடுத்த காவல் லின்டர், அதாவது நிரலை ஓட்டாமலே படித்துத் தவறுகளைச் சுட்டும் கருவி. புதிய பதிப்பின் மேல் இ.எஸ்.லின்ட் என்ற லின்டர் அதன் பரிந்துரைத்த விதிகளோடு ஓடத்தான் செய்தது. அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாத மாறியைப் பிடிக்கும் விதி அதில் உண்டு. ஆனால் உள் ‘விலை’ சீட்டுக்குப் பயன்பட்டது, வெளி ‘விலை’ பேரேட்டுக்குப் பயன்பட்டது. இரண்டுமே வேலை செய்கிற மாறிகள். மறைத்தலைப் பிடிக்கத் தனி விதி ஒன்று இருக்கிறது. அது பரிந்துரைப் பட்டியலில் இல்லை, நாமாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மதிப்புகளின் வகையைச் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்ட் மொழிக்கு மாறியிருந்தால் பிடித்திருக்குமா என்று கேட்டார்கள். பிடித்திருக்காது. இரண்டும் எண் வகை, வகையில் எந்த முரணும் இல்லை.

பிடித்திருக்கக்கூடிய விதிகள் இன்னும் இரண்டு உண்டு. அறிவித்த பிறகு ஒருமுறைகூட மாறாத ‘லெட்’டை ‘கான்ஸ்ட்’ ஆக்கு என்று சொல்லும் விதி ஒன்று. வெளியே இருந்த ‘விலை’ இப்போது மாறவே மாறாத மாறி. “இது எப்போதும் மாறுவதில்லையே” என்று லின்டர் கேட்டிருக்கும். மாற்றுவதற்கென்றே வைத்த மாறி ஏன் மாறவில்லை என்று ஒருவர் யோசித்திருப்பார். நடை அழகுக்கான விதி என்று பலரும் ஒதுக்கி வைக்கிற இந்த விதிக்கு இப்படி ஒரு ஆழம் இருப்பதை நான் பலருக்கும் சொல்ல விரும்புகிறேன். மற்றொன்று ‘வார்’ வேண்டாம் என்னும் விதி. அதன் தானியங்கித் திருத்தி, ஒரே மாறி இரண்டு முறை அறிவிக்கப்பட்டிருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடும், அர்த்தம் மாறிவிடும் என்று அதற்குத் தெரியும். எடிட்டரின் தேடி மாற்றும் வசதிக்கு அது தெரியாது. அதற்கு எல்லாம் எழுத்துதான்.

மொழிகள் எடுத்த முடிவுகள்

அப்படியானால் மறைத்தலைப் பல மொழிகள் ஏன் ஆரம்பத்திலேயே தடுக்கவில்லை? ஆல்கால் 60 என்ற பழைய மொழி பிளாக் அமைப்பைக் கொண்டுவந்தபோது, உள் பிளாக்கில் அறிவித்த பெயர் வெளிப் பெயரை மறைக்கும் என்பதையும் சேர்த்தேதான் கொண்டுவந்தது. அதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ஒரு பகுதியை எழுதுகிறவர் தன் பகுதிக்கு வேண்டிய பெயர்களை அங்கேயே அறிவித்துக்கொள்ளலாம்; வெளியே யார் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் போக வேண்டாம். நாளைக்கு வெளியே யாரோ புதிதாக ‘விலை’ என்று ஒன்றைச் சேர்த்தாலும் உள்ளே எழுதியது உடையாது. பல பேர் சேர்ந்து எழுதும் நிரலுக்கு இந்தச் சுதந்திரம் உயிர்.

இது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் காஃபிஸ்கிரிப்ட் மொழி நல்ல உதாரணம். அதில் அறிவிப்புக்கென்று சொல்லே இல்லை. ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுத்தால், அதே பெயர் வெளியே எங்காவது இருந்தால் அதுவே மாறும். இல்லாவிட்டால் புதிதாகப் பிறக்கும். மறைத்தல் வேண்டாம் என்றே திட்டமிட்டு அப்படிச் செய்தார்கள். விளைவு, ஃபைலின் தலையில் ஒரு பெயரைச் சேர்த்தால், கீழே அதே பெயரைத் தனக்கென்று வைத்திருந்த ஃபங்ஷன்கள் எல்லாம் சத்தமில்லாமல் அந்தப் பொது மாறியைத் திருத்த ஆரம்பிக்கும். நம் பால் கணக்கில் நடந்ததற்கு நேர் எதிரான கோளாறு, அதே அளவுக்கு அமைதியானது.

லிஸ்ப் மொழியின் ஆரம்ப வடிவங்கள் இன்னொரு பாதையில் போயின. அங்கே ஒரு பெயர் எதைக் குறிக்கும் என்பது நிரலின் எழுத்தைப் பார்த்தால் தெரியாது, யார் யாரை அழைத்தார்கள் என்ற ஓட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும். 1975-இல் சஸ்மேனும் ஸ்டீலும் உருவாக்கிய ஸ்கீம் என்ற மொழி அதை விட்டு எழுத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும் முறைக்கு வந்தது. ஈமேக்ஸ் எடிட்டரின் லிஸ்ப்பில் அந்த வசதி 24-ஆம் பதிப்பில், 2012-இல்தான் வந்தது. கணினிக்குக் கட்டளை எழுதும் பாஷ் ஷெல்லில் இன்றைக்கும் பழைய முறைதான். அதில் கணக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜாவா, சி ஷார்ப் மொழிகள் இரண்டும் இந்தப் பிரச்சினைக்கு மிகவும் நிதானமான பதிலைச் சொல்கின்றன. ஒரு மெத்தடுக்குள் (கிளாஸ் என்ற தொகுப்பில் உள்ள ஃபங்ஷன்) ஓர் உள்ளூர் மாறி உயிரோடு இருக்கும்போது, உள் பிளாக்கில் அதே பெயரில் இன்னோர் உள்ளூர் மாறியை அறிவிக்க முடியாது, நிரலை ஓட்டும் முன் மொழிபெயர்க்கும் கம்பைலர் பிழை சொல்லும். ஆனால் கிளாஸின் உறுப்பு மாறியை உள்ளூர் மாறி மறைக்கலாம். அதாவது ஒரே ஆள் ஒரே மூச்சில் எழுதும் இடத்தில் தடை, வேறு ஒருவர் எழுதியிருக்கக்கூடிய இடத்தோடு மோதும்போது அனுமதி. நம் பால் நிரல் ஜாவாவில் இருந்திருந்தால் கம்பைல் ஆகியே இருக்காது.

ஜிக் மொழி இன்னும் கண்டிப்பு. உள்ளூர் மாறி, வெளியே ஃபைல் மட்டத்தில் உள்ள பெயரையும் மறைக்கக் கூடாது. படிக்கிறவருக்கு ஒரு பெயர் ஒரு பொருள்தான் என்ற உறுதி கிடைக்கிறது. ஆனால் ஃபைல் மட்டத்தில் ஒரு பெயரைச் சேர்த்தால் உள்ளே பத்து இடத்தில் பெயர் மாற்ற வேண்டி வரலாம். சி மொழி அனுமதிக்கிறது. சி-க்கான கம்பைலர் ஜி.சி.சி.-யில் எச்சரிக்கை உண்டு, ஆனால் எல்லா எச்சரிக்கையும் என்று பொருள்படும் தேர்வைப் போட்டாலும் அது வராது, தனியாகக் கேட்க வேண்டும். பைத்தானில் இஃப் பிளாக்குக்குத் தனி ஸ்கோப்பே இல்லை, ஆகவே இந்தக் கோளாறு அங்கே பிறக்காது. அங்கே தொல்லை ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் எழுதும்போது வரும். வெளி மாறியைத் திருத்த ‘நான்லோக்கல்’ என்று சொல்ல வேண்டும். அது 2008-இல் வந்த பைத்தான் 3-இலிருந்துதான் உண்டு.

கோ மொழியில் ஒரு சமக்குறிக்கு முன் ஒரு முக்காற்புள்ளி சேர்ந்தால் அறிவிப்பு, சேராவிட்டால் மதிப்பளிப்பு. உள் பிளாக்கில் அந்த இரண்டு புள்ளி தவறி விழுந்தால் புது மாறி பிறந்துவிடும். பிழை மதிப்பை வைத்திருக்கும் மாறி இப்படி மறைந்துபோய், நடந்த பிழை வெளியே தெரியாமல் போவது கோ எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் பழக்கமான வேதனை. (பக்கக் குறிப்பு: ஜாவாஸ்கிரிப்ட்டிலும் பைத்தானிலும் மாறிக்கு ‘விலை’ என்றே தமிழில் பெயர் வைக்கலாம். கோ மொழியில் முடியாது, வி-யிலும் லை-யிலும் உள்ள உயிர்க்குறிகளை அது பெயருக்குள் ஏற்பதில்லை.)

ரஸ்ட் மொழி இவற்றுக்கெல்லாம் எதிர்த் திசையில் போகிறது. அங்கே மறைத்தல் வழக்கமான நடை. உள்ளீட்டை எழுத்தாக வாங்கி, அதே பெயரில் எண்ணாக மாற்றி வைத்துக்கொள்வதை மொழியே ஊக்குவிக்கிறது. நம் கோளாறு ரஸ்ட்டிலும் எழுத முடியும். ஆனால் அங்கே மாறிகள் இயல்பாகவே மாறாதவை. மாற்ற வேண்டுமானால் அறிவிக்கும்போதே சொல்ல வேண்டும். வெளி ‘விலை’யை மாற்றப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மாற்றாமல் விட்டால், இதற்கு மாறும் தன்மை தேவையில்லை என்று கம்பைலரே எச்சரிக்கும். லின்டரில் நாமாகப் போட்டுக்கொள்ள வேண்டிய அந்தக் ‘கான்ஸ்ட்’ விதி, ரஸ்ட்டில் கூடவே பிறந்தது.

இவற்றை எல்லாம் வைத்து என் முடிவு இது. ஒரே ஃபங்ஷனுக்குள், மாறக்கூடிய ஓர் உள்ளூர் மாறியை இன்னோர் உள்ளூர் மாறி மறைப்பதை மொழியே பிழையாக்க வேண்டும். அங்கே எழுதுகிறவருக்குக் கிடைக்கும் சுதந்திரம் மிகச் சிறியது, வேறு ஒரு பெயர் யோசிக்கும் சிரமம் மட்டுமே மிச்சம். இழப்போ அடுத்தவர் பையிலிருந்து போகிறது. வெளி மாறி மாறாதது என்றால் மறைத்தலை அனுமதிக்கலாம், ஏனென்றால் அதை மாற்றப் பார்த்தார்களா என்ற குழப்பமே வராது. ஃபைல் மட்டம், கிளாஸ் மட்டம் போன்ற தூரத்துப் பெயர்களை மறைப்பதற்குத் தடையே கூடாது. ஜிக்கின் கண்டிப்பை மதிக்கிறேன், ஆனால் பெரிய நிரலில் ஒருவர் சேர்த்த பெயர் இன்னொருவரின் வேலையை நிறுத்துவது சரியில்லை.

சரிசெய்தது

உள் ‘லெட்’டை எடுத்துவிட்டால் போதும், ஒரு சொல் திருத்தம். அது போதாது என்று தோன்றியது. விலையைக் கணக்கிடும் வேலையைத் தனி ஃபங்ஷனாக்கி, அது ஒரே ஒரு மதிப்பைத் திருப்பித் தரும்படி செய்தோம். அந்த மதிப்பு ‘கான்ஸ்ட்’டில் வாங்கப்பட்டு, சீட்டுக்கும் பேரேட்டுக்கும் ஒரே இடத்திலிருந்து போகிறது. சீட்டு ஒரு பாதையிலும் பேரேடு ஒரு பாதையிலும் போனதுதான் இரண்டு விலைக்கு வாசலைத் திறந்து வைத்திருந்தது. பட்டுவாடா பில் போடும் முன், அச்சான சீட்டுகளின் தொகையும் பேரேட்டின் தொகையும் உறுப்பினர் வாரியாக ஒத்துப் பார்க்கப்படுகின்றன. ஒத்துவராவிட்டால் பில் வராது.

பாக்கியைக் கணக்கிடுவது எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது. ஒவ்வொரு முறை ஊற்றிய பாலின் ஃபேட்டும் எஸ்.என்.எஃப்.-ம் பேரேட்டில் அப்படியே இருந்தன. சார்ட்டை மறுபடி ஓட்டி, தகுதியுள்ள எல்லா வரிகளுக்கும் ஊக்கத்தொகையைச் சேர்த்து, கிடைத்த தொகைகளை அந்த அம்மாவின் சீட்டு நகல்களோடு ஒத்துப் பார்த்தோம். எல்லாம் பொருந்தின. சீட்டு வைத்திருந்தவர், தொலைத்தவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் அடுத்த பில்லில் ‘ஊக்கத்தொகை பாக்கி’ என்று தனி வரியாகப் போட்டார்கள். நோட்டீஸ் பலகையில் காரணத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டியது செக்ரட்டரியின் சொந்த யோசனை. மெசின் கோளாறு என்று ஒரு வரியில் முடிக்காமல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தப் பாலுக்கு, லிட்டருக்கு எவ்வளவு என்று எழுதினார்.

அப்புறம் மறைத்தலைப் பிடிக்கும் லின்ட் விதியை நிரல் முழுவதற்கும் போட்டுப் பார்த்தோம். வந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை. பிழையைப் பிடிக்கும் இடங்களில் அதே பெயர், சின்ன ஃபங்ஷன்களின் உள்ளீட்டுப் பெயர் என்று. ஒன்று மட்டும் அப்படி இல்லை. கடனுக்கு வாங்கிய மாட்டுத் தீவனத்தைப் பில்லில் கழிக்கும் இடத்தில், ‘பாக்கி’ என்ற மாறியை உள்ளே இருந்த இன்னொரு ‘பாக்கி’ மறைத்துக்கொண்டிருந்தது. ஒரே பட்டுவாடாக் காலத்தில் ஒருவர் இரண்டு முறை தீவனம் எடுத்தால் மட்டுமே அந்தக் கிளை ஓடும், அப்படி யாரும் இதுவரை எடுத்திருக்கவில்லை. உள் மாறிக்கு ‘தவணைப்பாக்கி’ என்று பெயர் மாற்றி, இரண்டு முறை தீவனம் எடுப்பவர் போல ஒரு சோதனைக் கணக்கையும் எழுதிச் சேர்த்தாயிற்று.